பங்காளிக்கு ஒரு ஏ

வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு. சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பேர், கல்யாண வயது வந்த பிறகும் உதிரவில்லை. இனிமேலும் உதிராது என்பது, மாப்பிள்ளையும் அவளை அப்படியே கூப்பிட ஆரம்பித்த அன்றைக்கே உறுதியாகிவிட்டது. பட்டறைக் கணினியில்கூட அவள் பெயர் vaalu தான். அதை அவளே வைத்துக்கொண்டதால் யாரையும் குறை சொல்லவும் வழியில்லை.

கீழே பட்டறை, மேலே வீடு. மரப்பொம்மை செய்வது குடும்பத் தொழில். அப்பா உளியும் சுத்தியலுமாக ஆரம்பித்த இடத்தில் இப்போது ஒரு லேசர் மெஷின் நின்று மரப்பலகைகளை வெட்டித் தள்ளுகிறது. அண்ணன் பொம்மைகளை வரைவான். வாலு மெஷினை ஓட்டுவாள். அண்ணி ஆர்டர் பிடித்து, பொட்டலம் கட்டி அனுப்புவாள். அப்பா முன்னறை ஜன்னலோரமாக உட்கார்ந்து பொம்மைகளுக்குக் கண் வைப்பார். கண்ணைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். வேறு யாராவது வைத்த கண்ணை ஒப்புக்கொள்ளவும் மாட்டார்.

வாசலில் ஒரு பலகை தொங்கியது. ‘தச்சரும் மகனும் – மரப்பொம்மைகள்.’ அப்பா அதைச் செதுக்கியபோது வாலு பிறக்கவில்லை. பிறந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற நாளிலிருந்து, “மகன் இருக்கான், மகள் எங்கப்பா?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். “பலகையில இடம் இல்லம்மா” என்பது அப்பாவின் பதில். கேள்வியும் பதிலும் தேய்ந்து போய், கடைசியில் காலை வணக்கம் சொல்வதுபோல ஆகிவிட்டது.

மாடிப்படிக்கு அடியில் உள்ள அலமாரியில்தான் குண்டன் இருந்தான். குண்டன் என்பது ஒரு கணினி. பட்டறையின் பொம்மை வரைபடங்கள் அத்தனையும் அவன் வயிற்றில். மற்ற கணினிகளும் மெஷினும் அவனிடமிருந்து வாங்கித்தான் வேலை செய்ய வேண்டும். அவனிடம் அழகான படங்களைச் சொடுக்கி வேலை வாங்க முடியாது. கறுப்புத் திரையில் எழுத்து எழுத்தாகக் கட்டளை அடித்தால்தான் மசிவான். ஒரு எழுத்து பிசகினாலும் சொன்னதைத்தான் செய்வானே தவிர நினைத்ததைச் செய்யமாட்டான்.

ஆரம்பத்தில் குண்டனில் எல்லோரும் எல்லாவற்றையும் திறக்கலாம், திருத்தலாம் என்றுதான் வைத்திருந்தார்கள். ஒரே குடும்பம், நமக்குள் என்ன பூட்டு என்று அண்ணன் பெரிய மனது பண்ணினான். அந்தப் பெரிய மனதோடு ஒரு நாள் ஒட்டகச்சிவிங்கியின் கால்களைக் கொண்டுபோய் யானையின் கோப்பில் சேமித்துவிட்டான். வாலு பார்க்காமல் மெஷினை ஓட்டிவிட்டாள். ஒரு மூட்டை யானைகள் நெட்டைக் கால்களோடு வந்து நின்றன. அப்பா அவற்றுக்குக் கொஞ்சம் பயந்த மாதிரி கண் வைத்தார். அவை நன்றாகவே விற்றுப்போயின, ஆனாலும் வாலு அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தாள்.

அதற்கப்புறம் குண்டனில் சட்டம் ஒழுங்கு வந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வகை ஆட்கள். முதலில் சொந்தக்காரர், கோப்பை உண்டாக்கியவர். அடுத்தது குழு; அதை வாலு ‘நம்மாளுங்க’ என்பாள். மூன்றாவது, இந்த இரண்டிலும் சேராத மீதிப் பேர். அவர்களுக்கு அவள் வைத்த பெயர் ‘ஊரார்’. யார் யார் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்று ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக அனுமதி. வெட்டுகிறவர்களுக்கு ‘வெட்டு’ என்று ஒரு குழு, வரைகிறவர்களுக்கு ‘வரை’ என்று ஒரு குழு. எல்லாவற்றுக்கும் மேலே, குண்டனை என்ன வேண்டுமானாலும் செய்யக்கூடிய ‘சூடோ’ என்கிற அதிகாரக் குழு. அதில் வெகுகாலம் வாலு ஒருத்திதான் இருந்தாள். அண்ணன் ரொம்பக் கெஞ்சிப் பார்த்தான். “யானையைக் கேட்டுட்டு வா, சேர்க்கிறேன்” என்று சொல்லிவிட்டாள்.

இதெல்லாம் கல்யாணம் நிச்சயமாகும் வரை. மாப்பிள்ளை சைக்கிள் கடை வைத்திருக்கிறவர். கடைக்கு மேலேயே குடித்தனம், நகரத்தின் அந்தக் கோடியில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். நிச்சயமான அன்று சந்தோஷத்தில் வாலு வாயை விட்டாள்.

“நான் போயிட்டா குண்டனை யார் பாத்துக்கிறது? அண்ணி, நீங்க கத்துக்குங்க.”

“சரி, கத்துக் குடு” என்றாள் அண்ணி, ஒரு மூச்சு விடுவதற்குள்.

வாலு எதிர்பார்த்தது அதுவல்ல. ‘நீ எங்கே போறே, தினமும் வேலைக்கு வரப்போறே’ என்று யாராவது சொல்வார்கள் என்று நினைத்திருந்தாள். அண்ணன் தலை குனிந்து பென்சில் சீவினான். அப்பா கண் வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு அப்புறமும் இந்தப் பட்டறை தன்னுடையதாக இருக்குமா என்று வாலு நேராகக் கேட்டிருக்கலாம். ஊரில் உள்ளவர்களை எல்லாம் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்கிற வாய்க்கு அந்த ஒரு கேள்வி மட்டும் வரவில்லை. கேட்டு, ‘கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எதுக்கம்மா அலைச்சல்’ என்று அன்பாகப் பதில் வந்துவிட்டால் அதற்கப்புறம் என்ன செய்வது?

பாடம் ஆரம்பமானது. அண்ணி முன்னே பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். எதற்கும் காரணம் வேண்டும் அவளுக்கு. கிடைக்காவிட்டால் சொந்தமாக ஒன்றைச் செய்துகொள்வாள். முதல் பாடம், ஒரு ஆளை ஒரு குழுவில் சேர்ப்பது. வாலு அடித்துக் காட்டினாள்:

usermod -aG vettu annan

“இதான் அண்ணி. அண்ணனை வெட்டுக் குழுவில சேர்த்தாச்சு.”

அடுத்து அண்ணிக்கே அதிகாரம் கொடுத்தாள்:

usermod -aG sudo anni

அண்ணி திரையை உற்றுப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. பிறகு முகம் மலர்ந்தது. “அட, புரிஞ்சிடுச்சு. ரொம்ப அழகா வச்சிருக்காங்க” என்றாள். எது அழகு என்று வாலு கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

கல்யாணம் நெருங்க நெருங்க வீட்டில் குசுகுசுப்பு அதிகமானது. வாலு உள்ளே வந்தால் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தான். ஒரு நாள் அண்ணி ரொம்பச் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“குண்டன்ல ஒரு ஃபோல்டரை, உன்னால கூடப் பார்க்க முடியாத மாதிரி வைக்க முடியுமா?”

“முடியாது அண்ணி. சூடோவுல இருக்கிறவங்களுக்குப் பூட்டே கிடையாது. ஆனா நான் பார்க்க மாட்டேன். அடுத்தவங்க கோப்பைத் திறக்கிற வழக்கம் எனக்கு இல்ல.”

“நிஜமா?”

“குண்டன் மேல ஆணை.”

அண்ணி நிம்மதியாகப் போய்விட்டாள். நிம்மதி போனது வாலுவுக்குத்தான். என்னிடம் மறைக்க இந்த வீட்டில் என்ன இருக்கிறது?

நாளை மறுநாள் கல்யாணம். அதற்கு முன் கடைசி வேலை நாள் காலையில் அவள் கீழே இறங்கி வந்தபோது அண்ணன் மரக்கடைக்குப் போயிருந்தான், அண்ணி பொட்டலங்களை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போயிருந்தாள். ஒரு மழலையர் பள்ளிக்கு கயிறு கட்டி இழுக்கிற இழுவை யானைகள் வெட்டியாக வேண்டும். மெஷினில் பலகையை வைத்து, லேசர் கண்ணாடியைத் துடைத்து, கணினியில் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்து உள்ளே போனாள். யானையின் கோப்பைத் திறந்தாள்.

அனுமதி இல்லை என்றது குண்டன்.

தப்பாக அடித்துவிட்டோம் போல என்று இன்னொரு தடவை அடித்தாள். அனுமதி இல்லை. குதிரையைத் திறந்தாள், இல்லை. வாத்து, ரயில் வண்டி, பம்பரம், எதற்கும் இல்லை. ஒட்டகச்சிவிங்கிகூட இல்லை என்றது. சரி, அதிகாரத்தைக் காட்டுவோம் என்று சூடோவைக் கூப்பிட்டாள். அதற்குக் குண்டன் சொன்ன பதிலைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: வாலு என்கிற இந்த ஆளுக்கு அதிகாரம் கிடையாது, இந்தச் சம்பவம் மேலிடத்துக்கு அறிவிக்கப்படும்.

மேலிடம் யார்? சமீபம் வரை அவள்தான். அத்துமீறுகிறவர்களைப் பற்றிய அறிவிப்பு தன் கைபேசிக்கு வரும்படி ஏற்பாடு செய்தவளும் அவள்தான். போன வாரம்தான் அதை அண்ணியின் கைபேசிக்கு மாற்றினாள். ஆகவே வாலு என்றொருத்தி அத்துமீறி நுழையப் பார்த்த செய்தி இந்நேரம் தபால் நிலையத்தில் அண்ணியின் கைப்பைக்குள் ஒலித்திருக்கும். அவளுக்குக் காது மடல் சுட்டது.

தான் எந்தெந்தக் குழுவில் இருக்கிறோம் என்று கேட்டு அடித்தாள். இரண்டு கையாலும் எண்ண வேண்டிய பட்டியல் வந்திருக்க வேண்டிய இடத்தில், அவள் சொந்தப் பெயரும் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லும் வந்து நின்றன.

pangali.

பங்காளி. அப்படி ஒரு குழுவை அவள் உண்டாக்கவே இல்லை. அதை உண்டாக்கக்கூடிய இன்னொரு ஆள் இந்த வீட்டில் அண்ணி மட்டும்தான்.

இந்த வீட்டில் பங்காளி என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அப்பாவின் பெரியப்பா மக்கள்தான் பங்காளிகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரு சுவர் யாருடையது என்று அவர்கள் போட்ட வழக்கு, வாலு பிறப்பதற்கு முன் ஆரம்பித்து அவள் கல்லூரி முடிக்கும்போது முடிந்தது. அதற்குள் சுவர் தானாக விழுந்துவிட்டது. பல் தேய்க்கும்போது பல்குச்சி ஒடிந்தால்கூட அப்பா “பங்காளிப் பய வேலை” என்பார்.

அவள் எழுந்து முன்னறைக்குப் போனாள்.

“அப்பா, பங்காளின்னா யாருப்பா?”

அப்பா வாத்தின் மேலிருந்து தூரிகையை எடுக்காமலே சொன்னார். “நம்ம இலையில உக்காந்து சாப்பிட்டுட்டு, இலை என்னுதுன்னு சொல்றவன்.”

“அவனை என்ன பண்ணணும்?”

“வாசலோட நிறுத்தணும்.” வாத்துக்கு இரண்டாவது கண்ணையும் வைத்துவிட்டு நிமிர்ந்தார். “ஏம்மா, யாராவது வந்திருக்கானா?”

“இல்லப்பா” என்றாள். வந்திருப்பது நான்தான் என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். கோபம் வந்தது, அதைவிட அழுகை வந்தது, இரண்டும் ஒரே வாசலில் நெருக்கியடித்ததில் எதுவும் வெளியே வரவில்லை. போகிறவள் பங்கு கேட்டுவிடுவாள் என்று பயந்துவிட்டார்கள். கேட்பதற்கு முன்னாலேயே பூட்டிவிட்டார்கள். வெட்டு இல்லை, வரை இல்லை, சூடோ இல்லை. தான் கற்றுக்கொடுத்த கட்டளையாலேயே தன்னை ஊராராக்கிவிட்டார்கள். ஊரார்கூடப் பரவாயில்லை. ஊராருக்குப் பங்காளி என்று பேர் வைப்பதில்லையே.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் டயரிலிருந்து காற்று போகிற சத்தம் கேட்டது.

“என்னை வீட்டை விட்டுத் தூக்கிட்டாங்க” என்றாள்.

“நாளை மறுநாள் நானே வந்து கூட்டிட்டுப் போறேனே. அதுக்குள்ள என்ன அவசரம்?”

“விளையாடாதீங்க.” நடந்ததைச் சொன்னாள். அவர் இடையில் பேசாமல் கேட்டார். சைக்கிள் கடைக்காரர்களுக்கு அந்தப் பொறுமை உண்டு.

“அண்ணி வந்ததும் கேட்டுடேன். ரெண்டு வார்த்தைல முடிஞ்சிடும்.”

“கேக்க மாட்டேன். அவங்களே சொல்லட்டும்.”

“சரி, கேக்காதே. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. உன்கிட்ட இருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கிட்டாங்க, பதிலுக்கு ஒரே ஒரு சாவி கையில குடுத்திருக்காங்க. அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“ஒருத்தரைத் துரத்தணும்னா எதுக்குப் புதுசா ஒரு சாவி குடுக்கணும்? அது எந்தப் பூட்டுக்குன்னு போட்டுப் பாத்தியா?”

இவ்வளவு நேரம் குண்டனோடு மல்லுக்கட்டியவளுக்கு இது தோன்றாமல் போனது அவமானமாக இருந்தது. இத்தனைக்கும் மனுஷன் கறுப்புத் திரையைக் கண்ணால் கண்டதில்லை. “அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.

பங்காளிக் குழுவுக்கு உரியது எதுவோ அதையெல்லாம் தேடிக் கொடு என்று குண்டனைக் கேட்டாள். அவன் பெருமூச்சு விட்டபடி தன் வயிறு முழுவதும் துழாவினான். ஒரே ஒரு ஃபோல்டரைக் கொண்டுவந்து நீட்டினான். சொந்தக்காரர், அண்ணி. குழு, பங்காளி. ஊராருக்கு எந்த அனுமதியும் கிடையாது. எட்டிப் பார்க்கக்கூட முடியாது. பங்காளிகளுக்கு? படிக்கலாம், எழுதலாம், உள்ளே போய் வரலாம். பங்காளிகள் யார் யார் என்று கேட்டாள். அண்ணன், அண்ணி, வாலு.

அடுத்தவர் கோப்பைத் திறக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் இது அடுத்தவர் கோப்பு இல்லையே, அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எந்த அதிகாரத்தையும் காட்டாமல், நியாயமாக, கொடுத்த சாவியைப் போட்டுத் திறந்தாள்.

உள்ளே இருந்தது ஒரு வரைபடம். அண்ணன் கை என்பது பார்த்ததுமே தெரிந்தது. சுற்றிலும் ஓர் ஓரக் கோடு. மூலைகளில் நான்கு யானைகள், நான்குக்கும் ஒட்டகச்சிவிங்கிக் கால்கள். நடுவில் பெரிய எழுத்தில்:

தச்சர், மகன், மகள், மருமகள் – மரப்பொம்மைகள்.

அவள் அதை ஒரு முறை வாசித்தாள். பிறகு சின்ன வயதில் வாசித்ததுபோல எழுத்துக்கூட்டி வாசித்தாள். ம, க, ள். அடக்கிவைத்திருந்த அழுகை இப்போதுதான் வழி கிடைத்து வெளியே வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. முக்காலியில் உட்கார்ந்தபடி இரண்டையும் சேர்த்துச் செய்தாள். பங்கு உள்ளவள் பங்காளி. அந்தச் சொல்லுக்கு அப்படியும் ஒரு அர்த்தம் இருப்பதை இந்த வீடு சுத்தமாக மறந்துபோயிருந்தது.

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணி ஓடிவந்தாள். ஒரு கையில் கைபேசி, மறு கையில் அனுப்பாமலே திரும்பிவிட்ட பொட்டலம்.

“வாலு, என்னடி இது? வாலு அத்துமீறல்னு எனக்கு வந்திருக்கு. யாராவது உன் பேர்ல உள்ள நுழைஞ்சிட்டாங்களா?”

“நுழைஞ்சது நான்தான் அண்ணி. நீங்கதான் என்னை எல்லாத்துலேருந்தும் நீக்கிட்டீங்க.”

“நானா? நான் உன்னைச் சேர்த்தேன். நேத்து சாயந்திரம் எவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்த்தேன் தெரியுமா?” என்றவள் திரையில் நின்ற வரைபடத்தைப் பார்த்தாள். பொட்டலம் நழுவி மேசையில் விழுந்தது. “போச்சு. பாத்துட்டியா? மத்தியானம் உங்க அண்ணன் பலகையோட வந்ததும் காட்டலாம்னு இருந்தோம். அவர் என்னை உயிரோட விடமாட்டார்.”

“அதை அப்புறம் பாப்போம். நேத்து என்ன அடிச்சீங்க, அதைக் காட்டுங்க.”

அண்ணி தன் பெயரில் உள்ளே போய், முந்தின நாள் அடித்த கட்டளைகளை வரவழைத்தாள். அண்ணனைச் சேர்த்தது சரியாக இருந்தது. அண்ணி தன்னைச் சேர்த்துக்கொண்டதும் சரியாக இருந்தது. மூன்றாவதாக இருந்தது இது:

usermod -G pangali vaalu

“அண்ணி, இங்கே இருந்த ஏ எங்கே?”

“எந்த ஏ?”

“G-க்கு முன்னாடி. உங்க ரெண்டு பேருக்கும் போட்டிருக்கீங்களே, எனக்கு மட்டும் காணோம்.”

அண்ணி, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்த அண்ணி, தெளிவாகவும் பொறுமையாகவும் விளக்கினாள். “அது அண்ணனுக்கு ஏ. அண்ணிக்கும் ஏ. உனக்கு எப்படி ஏ வரும்? உன் பேர் வி-ல தானே ஆரம்பிக்குது. வி போட்டுப் பார்த்தேன், என்னவோ புரியாத பாஷைல திட்டினான். சரி, சின்னப் பொண்ணுதானே, எழுத்து தேவையில்ல போலன்னு எடுத்துட்டேன். உடனே ஒத்துக்கிட்டான்.”

வாலு முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் முக்காலியிலிருந்து கீழே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்ததில் பேச்சு வரவில்லை. விலா வலித்தது. அவள் ஏன் சிரிக்கிறாள் என்று தெரியாமலே அண்ணியும் சிரிக்க ஆரம்பித்தாள். முன்னறையிலிருந்து அப்பா, “யார் செத்தாங்க?” என்று கேட்டார், அழுகைச் சத்தம் என்று நினைத்துவிட்டார் போல.

“அந்த ஏ அண்ணன் இல்ல அண்ணி. அந்த ஏ-க்குக் ‘கூட’ன்னு அர்த்தம். ஏற்கெனவே இருக்கிறதோட கூட இதையும் சேருன்னு அர்த்தம். அது இல்லேன்னா, இருக்கிறது எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிட்டு இதை மட்டும் குடுன்னு குண்டன் எடுத்துக்குவான்.”

அண்ணியின் சிரிப்பு நின்றது. “ஐயோ. அப்ப காலையிலேருந்து நீ என்ன நினைச்சிக்கிட்டிருந்தே?”

வாலு தரையில் கிடந்த ஒரு மரச்சில்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என்னைக் கழட்டி விட்டுட்டீங்கன்னு நினைச்சேன். கல்யாணத்துக்கு அப்புறம் வரியான்னு யாருமே கேக்கலையே.”

“கேக்கலாம்னுதான்டி இருந்தோம். உங்க அண்ணன்தான் வேண்டாம்னார். கேட்டா, புது வீடு, ரெண்டு பஸ், முடியாதுன்னு சொல்லிடுவாளோன்னு அவருக்குப் பயம். பலகையில பேரைப் போட்டுட்டா அப்புறம் அவளால தட்ட முடியாதுன்னு சொன்னார். ராத்திரியெல்லாம் புலம்பல். தூங்கவிடல.” அண்ணி அவள் பக்கத்திலேயே மரத்தூளில் உட்கார்ந்தாள். “குழுவுக்குப் பேர் வச்சது நான். பங்குதாரர்னு வைக்கலாம்னு பார்த்தேன், ரொம்ப நீளமா இருந்துச்சு.”

“இந்த வீட்டுல வேற எந்தப் பேர் வேணும்னாலும் வச்சிருக்கலாம் அண்ணி.”

அப்போதுதான் அண்ணன் வந்தான். தோளில் அவன் நீளத்துக்கு ஒரு தேக்குப் பலகை. அதைக் கதவில் இடிக்காமல் உள்ளே கொண்டுவர அவன் பட்ட பாட்டில், மனைவியும் தங்கையும் தரையில் உட்கார்ந்திருப்பதைத் தாமதமாகத்தான் கவனித்தான். அப்புறம் திரையைக் கவனித்தான். முகம் விழுந்துவிட்டது.

“சொல்லிட்டியா?” என்றான் மனைவியிடம்.

“நான் சொல்லல. குண்டன் சொல்லிட்டான்.”

“அண்ணா” என்றாள் வாலு. சொல்ல நினைத்தது நிறைய. “யானைக்குக் கால் சரியில்ல” என்பதுதான் வந்தது.

“அது வேணும்னே போட்டது” என்றான் அவன், ரோஷமாக. பிறகு பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவளைப் பார்க்காமல் அதைத் தடவிக்கொண்டே கேட்டான். “வருவதானே? தினமும் வேண்டாம். முடிஞ்சப்ப.”

“தினமும்தான் வருவேன். என் பட்டறைக்கு நான் வர்றதுக்கு நீ யாரு நாள் குறிக்க?”

அண்ணன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தேக்கு மரத்தூள் தனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றான். இத்தனை வருஷம் ஒத்துக்கொண்டது.

சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்தார். பலகையை மேலும் கீழும் பார்த்தார், விரலால் தட்டி ஓசை கேட்டார். பிறகு மகளிடம் திரும்பினார். “நான்தான்மா இவன்கிட்ட பெரிசா பாத்து வாங்குடான்னேன். இப்ப இடம் இருக்கு.”

இத்தனை காலத்தில் அவர் அந்தப் பதிலை மாற்றிச் சொன்னதே இல்லை. பிரஷ் பிடித்த அவர் கையை, கறுப்புச் சாயத்தோடு சேர்த்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி மட்டும் காரியத்தில் கண்ணாக இருந்தாள். கணினி முன் உட்கார்ந்து, வாலு ஒரு வார்த்தை சொல்லாமலே அடித்தாள். ஏ-யை விட்டுவிடாமல், அதன்மேல் விரலைக் கொஞ்சம் அழுத்தியே அடித்தாள். வெட்டு, வரை, சூடோ, ஒவ்வொன்றாக எல்லாம் திரும்பி வந்தன. பங்காளி ஏற்கெனவே இருந்தது.

“ஆயிடுச்சா?” என்றாள். வாலு யானையைத் திறந்து பார்த்தாள். அனுமதி இல்லை. “இன்னும் என்னடி?”

“சேர்த்தது சரிதான் அண்ணி. நான் ஒரு தடவை வெளியே போயிட்டுத் திரும்பி உள்ளே வரணும். அப்பத்தான் நான் யாருன்னு குண்டனுக்கு உறைக்கும்.”

வெளியே போனாள். பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்து உள்ளே வந்தாள். யானை திறந்தது. மெஷின் உறுமிக்கொண்டு வெட்டத் தொடங்கியது. மரம் பொசுங்குகிற வாசனை கூடத்தை நிறைத்தது. பள்ளிக்கூடத்து யானைகள் முடிந்த கையோடு பலகையையும் ஏற்றினார்கள். ‘மகள்’ வந்த இடத்தில் மெஷின் வேகத்தை வாலு கொஞ்சம் குறைத்தாள். அண்ணன் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துகொண்டான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து, சாப்பிட்டு முடித்து, மாப்பிள்ளையின் நண்பர் கார் வாசலில் வந்து நின்றபோது, புதுப் பலகைக்குக் கீழே அண்ணன் மறுபடி மரத்தூள் உபாதைக்கு ஆளானான். அங்கே தூளே இல்லை.

“அண்ணா, வெளியேதான் போறேன்” என்றாள் வாலு. “திங்கக்கிழமை திரும்பி உள்ளே வந்துடுவேன். அப்பத்தானே சேர்த்தது செல்லும்.”

அண்ணி காரின் ஜன்னலில் குனிந்தாள். “போற வீட்டுக்கும் அந்த ஏ-யை மறக்காம எடுத்துட்டுப் போ. அங்கேயும் சேர்ந்துக்கோ. இங்கேருந்து கழண்டுக்காதே.”

“எந்த ஏ?” என்றார் மாப்பிள்ளை.

“அதுக்கு உங்களுக்கு முதல்ல குண்டன்ல ஒரு கணக்கு வேணும்” என்றாள் வாலு. “யோசிச்சுத் தர்றேன். படிக்க மட்டும்தான் அனுமதி. எழுதறதெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

அது ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்று அவர் ஒத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை, இரண்டாவது பஸ் தாமதம். அவள் பட்டறைக்கு வந்தபோது அப்பா முன்னறையில் ஒரு குதிரைக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தார். அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே கணினி முன் போய் நின்று, உள்ளே நுழைந்து, தன் குழுக்களைக் கேட்டாள். வரி நீளமாக வந்தது, திரையின் ஓரத்தைத் தொட்டு மடங்கி அடுத்த வரிக்குப் போனது.

“என்னம்மா சொல்றான் குண்டன்?” என்றார் அப்பா, தலை நிமிராமல்.

“எல்லாரும் அப்படியேதான் இருக்கோம்னு சொல்றான்பா” என்று சொல்லிவிட்டு, அவள் மெஷினில் பலகையை எடுத்து வைத்தாள்.